பட்டாம்பூச்சி மஞ்சளும் ரேஷன் அரிசியும்

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் வேறு நிறமாகத் தெரிகின்றன. சில மேலே மிதக்கவும் செய்கின்றன. 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றாத வதந்தி இல்லை. பொறுக்கி எறிந்துவிட்டு உலை வைத்த வீடுகளும் உண்டு. உண்மையில் அது அரிசி மாவோடு சத்துகளைச் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் பிழிந்து, மறுபடியும் அரிசி வடிவம் கொடுத்த மணி. சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் கலக்கிறார்கள். அப்படிக் கலந்த அரிசி கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து, 75 முதல் 125 மைக்ரோகிராம் வரை ஃபோலிக் அமிலம், 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை வைட்டமின் பி12 இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் குளச்சலுக்கு அப்பால் இருக்கிறது இனயம். 2016ல் மத்திய அரசு இங்கே பெரிய வணிகத் துறைமுகம் கட்டக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தபோது, மீனவர்களின் எதிர்ப்பால் செய்தித்தாள்களில் அடிபட்ட பெயர். அந்த ஊர் ரேஷன் கடைக்கும் இதே அரிசிதான் போகிறது. இரும்பு எதற்கு என்று யாரைக் கேட்டாலும் 'ரத்தம் ஊற' என்று சொல்லிவிடுவார்கள். அதனுடன் வரும் ஃபோலிக் அமிலத்தை அறிந்தவர்கள் குறைவு. அந்த மஞ்சள் பொடி 'டெரிடின்' என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. ரத்தச் சோகை, புற்றுநோய், தொழுநோய், மூட்டுவாதம், நடக்க முடியாமல் போகும் குழந்தைகள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததுபோல் தோன்றும் பல நோய்களின் கதை இந்த ஒரு குடும்பத்துக்குள் வந்து முடிகிறது.

அமைப்பு எளிமையானது. இரண்டு அறுகோண வளையங்கள், ஒரு பக்கத்தைப் பொதுச் சுவராகக் கொண்டு ஒட்டி நிற்கின்றன. வளையங்களில் கார்பனுக்கு நடுவே நான்கு நைட்ரஜன் அணுக்கள். அவ்வளவுதான் டெரிடின். இந்தச் சட்டத்தின் ஓரங்களில் என்ன தொங்குகிறது என்பதைப் பொறுத்து அது வைட்டமினாகிறது, நிறமியாகிறது, நொதிக்கு உதவியாளாகிறது, மருந்தாகிறது.

முதலில் கண்ணில் பட்டது நிறமிதான். மழை ஓய்ந்த பிறகு புல்தரையில் தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சிகளையும், முற்றத்தில் கூட்டமாக வந்து ஈர மண்ணில் உட்காரும் வெள்ளைப் பூச்சிகளையும் குமரியில் பார்க்காதவர் இல்லை. அந்த இனத்தின் இறகில் உள்ள மஞ்சளும் வெள்ளையும் டெரிடின்கள். 1889ல் இங்கிலாந்தின் பிரிம்ஸ்டோன் என்ற மஞ்சள் பட்டாம்பூச்சியின் நிறத்தைப் பற்றி ஃபிரெடெரிக் கௌலாண்ட் ஹாப்கின்ஸ் என்ற இளைஞர் ஒரு குறிப்பு எழுதினார். யூரிக் அமிலத்தின் உறவுக்காரப் பொருளாக இருக்கும் என்று அவர் கருதினார். 1925ல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் வீலாண்டும் கிளெமென்ஸ் ஷோப்ஃபும் ஏராளமான பூச்சிகளின் இறகுகளைச் சேர்த்து நிறமியைப் பிரித்தெடுத்தார்கள். அதன் சரியான கட்டமைப்பு தெரிய 1940 ஆயிற்று. ஹாப்கின்ஸ் இதற்குள் வேறு வேலைக்குப் போய், உணவில் 'துணைக் காரணிகள்' இருக்கின்றன என்று காட்டி, 1929ல் வைட்டமின் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கிவிட்டார். தான் இளவயதில் ஆராய்ந்த பூச்சி மஞ்சளின் நெருங்கிய சொந்தமே ஒரு வைட்டமின் என்பது அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அந்தச் சொந்தத்தைக் காட்டிக் கொடுத்ததில் ஒரு மீனுக்கும் பங்கு உண்டு. 1941ல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், நோரிஸ் என்ற இருவர், ரத்தச் சோகை பிடித்த சால்மன் மீன்களுக்குப் பட்டாம்பூச்சியின் மஞ்சள் நிறமியான சாந்தோப்டெரினைக் கொடுத்தார்கள். மீன்களுக்கு ரத்தம் ஊறியது.

ஆனால் மனிதர்களின் ரத்தச் சோகையில் இந்தக் கதை அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதுவும் இந்தியாவில்.

1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்து இறங்கினார். அங்கே துணி ஆலைகளில் வேலை பார்க்கும் ஏழைப் பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது ஒரு விதக் கடும் சோகையில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். சாதாரணச் சோகையில் சிவப்பணு சிறுத்து வெளுத்துப் போகும். இந்தச் சோகையிலோ அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன, எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தது. கிருமியாக இருக்குமோ என்று தேடினார்கள், அகப்படவில்லை. வில்ஸ் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார். 1929ல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்து வேலை செய்தார். அங்கேதான் ராபர்ட் மெக்கரிசன் இந்திய உணவு வகைகளை எலிகளுக்குக் கொடுத்து ஊட்டச்சத்து ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். 1931 தொடக்கத்தில் வில்ஸ் சென்னைக்கு வந்து, கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்.

திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி அரசு மகப்பேறு மருத்துவமனை என்று பலகை மாட்டியிருக்கும் அந்த இடத்தைச் சென்னைக்காரர்களில் பலர் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று இருந்த பெண்களுக்காக 1885ல் மேரி ஷார்லீப் தொடங்கியது. கர்ப்பிணிகள் வந்து சேரும் இடம் என்பதால், வில்ஸ் தேடிய நோயாளிகள் அங்கே கிடைத்தார்கள்.

மருந்து என்று வில்ஸ் கடைசியில் கையில் எடுத்தது மார்மைட். பீர் காய்ச்சிய பிறகு மிஞ்சும் ஈஸ்டைச் சுண்டக் காய்ச்சி, இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்னும் கறுப்புப் பசை. சத்தில்லாத தீனியால் சோகை பிடித்த குரங்குகளுக்கு அது பலித்தது; பிறகு பெண்களுக்குக் கொடுத்தார். சில நாட்களில் ரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் பெருகின. 1931ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார். இன்னொன்றையும் அவர் கவனித்துச் சொன்னார். அக்காலத்தில் கொடிய சோகைக்குக் கொடுக்கப்பட்ட சுத்திகரித்த ஈரல் சாறு இந்தப் பெண்களிடம் வேலை செய்யவில்லை; சுத்திகரிக்காத ஈரல் வேலை செய்தது. ஆகவே ஈரலில் இரண்டு வேறு பொருள்கள் இருக்க வேண்டும். ஒன்று பின்னாளில் பி12 ஆயிற்று. மற்றதை வில்ஸ் காரணி என்று கொஞ்ச காலம் அழைத்தார்கள். 1941ல் டெக்சாசில் மிட்செல், ஸ்நெல், வில்லியம்ஸ் மூவரும் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்துப் பிழிந்து அந்தப் பொருளைத் திரட்டி, ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். உள்ளே இருந்தது பட்டாம்பூச்சியின் அதே இரட்டை வளையம்.

ஒரு கீரைச் சத்து இல்லாததால் ரத்த அணு ஏன் பெருக்க வேண்டும்? உடலில் எத்தனையோ வேலைகளுக்கு ஒற்றைக் கார்பன் அணு தேவைப்படுகிறது. கரையில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போய் எதிர்க்கரையில் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் வள்ளம்போல, ஃபோலேட் ஒரு கார்பனை ஒரு மூலக்கூறில் வாங்கி இன்னொன்றில் இறக்குகிறது. மரபணுவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினை முடித்துக் கொடுப்பது இப்படி வந்து சேரும் ஒரு கார்பன்தான். ஃபோலேட் இல்லாவிட்டால் செல் பெருக்கிறது, சரக்கைச் சேர்க்கிறது, ஆனால் மரபணுவை நகலெடுக்க முடியாததால் இரண்டாகப் பிரிய மாட்டாமல் நிற்கிறது. மனித உடலில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் புதுச் சிவப்பணுக்கள் பிறக்க வேண்டும். முதல் அடி எலும்பு மஜ்ஜையில் விழுவது இதனால்தான். வேகமாக வளரும் இன்னொரு இடம் கருப்பை. கருவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிட வேண்டும். ஃபோலேட் போதாதபோது அது மூடாமல் நின்று, குழந்தை முதுகு பிளவுற்றுப் பிறக்கும் ஆபத்து கூடுகிறது. 28 நாள் என்பது, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று பெண் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து மாத்திரை வாங்குவதற்குள் அந்தக் கதவு சாத்தியிருக்கும். கர்ப்பிணிக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை சோகைக்கு நல்லது. முதுகுப் பிளவைத் தடுக்க வேண்டுமானால் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் வேண்டும். அரிசியில் கலப்பதற்குச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இதுவே.

ஆனால் அரிசியை மட்டும் நம்பினால் கணக்கு உதைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 220 மைக்ரோகிராம் ஃபோலேட் வேண்டும், கர்ப்பிணிக்கு 570. கிலோவுக்கு நூறு மைக்ரோகிராம் என்று வைத்தாலும், நாளைக்கு முந்நூறு கிராம் அரிசியில் வருவது முப்பது. மிச்சம் குழம்பிலிருந்தும் கூட்டிலிருந்தும்தான் வர வேண்டும்.

கிழங்கும் மீனும்தான் குமரிக் கடற்கரையின் அடையாளச் சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கை அவித்து வடித்து, சாளையோ நெத்திலியோ குழம்பு வைத்து ஒரு வேளையை முடித்துவிடலாம். இதில் பி12க்குக் குறையே இல்லை, மீனில் அது தாராளம். மீன் தொடாத சைவ வீடுகளில் பி12 பஞ்சம் சாதாரணம் என்பதை நினைத்தால் கடற்கரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஃபோலேட்டுக்கு மட்டும் மீன் போதாது, மரச்சீனியில் பெரும்பாலும் மாவுச்சத்துதான். இதே ஊர்களில் கஞ்சியும் பயறும் என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, சிறுபயறை அவித்துத் தேங்காய் துருவிப் போட்டுக் கஞ்சியோடு சாப்பிடுவது, அதில் ஃபோலேட் இருக்கிறது. முருங்கைக்கீரைத் துவரனில் இருக்கிறது. தட்டப்பயற்றிலும் நிலக்கடலையிலும் ஈரலிலும் இருக்கிறது. இந்தச் சத்து தண்ணீரில் கரைந்துபோகும், நீண்ட நேரச் சூட்டில் சிதையும் என்பதால் கீரையை நீர் நிறைய விட்டு வேகவைத்துக் கொட்டிவிட்டால் பாதிக்கு மேல் சாக்கடைக்குப் போகும்.

அரிசியில் ஃபோலிக் அமிலத்தோடு பி12ஐயும் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. வந்து இறங்கிய ஃபோலேட் மறுபடியும் வேலைக்குத் திரும்ப பி12 உதவ வேண்டும். பி12 இல்லாதவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறையக் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். நரம்புகள் உள்ளுக்குள்ளே கெட்டுக்கொண்டே போகும். பரிசோதனையில் சோகை தெரியாததால் மருத்துவரும் ஏமாந்துபோவார்.

வில்ஸ் திருவல்லிக்கேணியில் இருந்தபோது, அதே பேட்டையின் இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறை எழுதி மெட்ரிகுலேஷன் தேறிய ஒருவர் அமெரிக்காவில் ஹார்வர்டில் இருந்தார். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். உடன்பிறந்தவர்கள் இருவரைக் கிராணிக் கழிச்சல் கொண்டுபோயிற்று. வெப்பநாடுகளில் குடல் சத்தை உறிஞ்ச மறுக்கும் அந்த நோயில் ஃபோலேட் உடலில் வற்றிப்போகும் என்பது பின்னால் தெரிந்த செய்தி. சுப்பாராவையும் அந்நோய் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதால் பேராசிரியர் பிராட்ஃபீல்டின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கொஞ்ச நாள் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். திரும்பி வரவில்லை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரசை அளக்கும் முறையை 1925ல் தந்தார். உலகின் சோதனைக்கூடங்களில் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்றது அது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைக் கண்டறிந்தவர்களிலும் ஒருவர். அப்படியும் அங்கே நிலையான பதவி கிடைக்காமல் 1940ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். கம்பெனிக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. பல்கலைக்கழகத்தில் கிடைக்காத ஆட்பலமும் பணமும் அங்கேதான் அவருக்குக் கிடைத்தன. அவர் தலைமையிலிருந்த குழு 1945ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே உருவாக்கிக் காட்டியது. நான்கு டன் கீரைக்கு இனி வேலையில்லை. கிராணி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து மருத்துவர்கள் குணம் கண்டார்கள்.

அடுத்து நடந்தது எதிர்பாராதது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தைச் சீராக்கும் சத்து என்றால் இங்கேயும் உதவும் என்ற நினைப்பு. புற்றுநோய் இன்னும் வேகமாகப் பெருகியது. பலர் அத்தோடு கைவிட்டிருப்பார்கள். ஃபார்பர் தலைகீழாக யோசித்தார்: கொடுத்தால் பெருகுகிறது என்றால், தடுத்தால்? சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தின் இரட்டை வளையத்தில் ஓர் ஆக்சிஜன் இருந்த இடத்தில் அமினோ கூட்டத்தை வைத்து ஒரு போலியைத் தயாரித்தது. அமினோப்டெரின். செல்லுக்குள் ஃபோலேட்டை மறுசுழற்சி செய்யும் நொதி இந்தப் போலியை உண்மையானதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு விடாது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. 1948 ஜூனில் கட்டுரை வெளிவந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மருந்தால் பணியக்கூடியது என்று உலகம் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53.

அமினோப்டெரினின் தம்பிதான் மெதோட்ரெக்சேட். 1956ல் மின் சியு லீயும் ராய் ஹெர்ட்ஸும் நஞ்சுக்கொடி திசுவில் எழும் புற்றுநோயை இதைக் கொண்டே குணமாக்கினார்கள். குமரி மாவட்டக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் பெற்றோர் திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் மையத்துக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ ஓடுவார்கள். எங்கே போனாலும் பிள்ளையின் மருந்துச் சீட்டில் இந்தப் பெயர் இருக்கும். மஞ்சள் நிற மாத்திரை. அந்த மஞ்சளும் இரட்டை வளையத்தின் மஞ்சள்தான்.

இன்று இந்த மாத்திரையைப் பெரும்பாலும் விழுங்குவது வேறு கூட்டம். முடக்குவாத மூட்டு நோய்க்கும் சொரியாசிஸுக்கும் குறைந்த அளவில் இது தரப்படுகிறது. அங்கே வீறுகொண்டு தன் உடலையே தாக்கும் எதிர்ப்புச் செல்களை அடக்குவது நோக்கம். இதில் உயிர் போகும் தவறு ஒன்று நடக்கிறது. மூட்டுவலிக்கு மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். மற்ற மாத்திரைகளைப் போல் நினைத்துத் தினமும் போட்டுக்கொண்டவர்களுக்கு வாய் வெந்து, ரத்த அணுக்கள் சரிந்து, சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள். எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். ஒரே நோயாளிக்கு ஒரே வாரத்தில் ஃபோலேட்டைத் தடுக்கவும் கொடுக்கவும் செய்வது வேடிக்கையாகத் தெரியலாம். நல்ல செல்களுக்கு நேரும் சேதத்தை அது குறைக்கிறது. கர்ப்பிணிக்கு மெதோட்ரெக்சேட் ஆகவே ஆகாது. ஏன் என்பது மேலே சொன்ன 28 நாளிலேயே இருக்கிறது.

தடுத்துக் குணமாக்கும் இந்த உத்தி இனயத்துக்குப் பக்கத்திலேயே வேறொரு நோயில் நடந்திருக்கிறது. கிழக்கே நெய்யூரில், எவரெஸ்ட் ஏறப் போய் 1922லும் 1924லும் உச்சிக்கு அருகே வரை சென்ற ஹோவர்ட் சோமர்வெல், மிஷன் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராகப் பல்லாண்டு இருந்தார். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தங்கிவிட்டார் என்பது அந்த வட்டாரம் அறிந்த கதை. அதே மிஷனின் தொழுநோய் மருத்துவமனை குளச்சலை அடுத்த உடையார்விளையில் இருக்கிறது.

தொழுநோய்க்கு அந்தக் காலத்தில் நீரடிமுத்து எண்ணெய்தான். ஊசியாகப் போட்டால் வலி அதிகம், பலன் கொஞ்சம். 1946 வாக்கில் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன், டாப்சோன் என்ற மலிவான சல்ஃபோன் மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். அது எப்படி வேலை செய்கிறது என்பதில் டெரிடின் வருகிறது. பாக்டீரியாவுக்கும் ஃபோலேட் வேண்டும். நம்மைப் போல் கீரை தின்று அதைப் பெற அதற்குத் தெரியாது. டெரிடின் வளையத்தோடு இன்னொரு சிறு மூலக்கூறைக் கோத்துத் தானே செய்துகொள்ளும். டாப்சோன் அந்தக் கோக்கும் நொதியின் வாயை அடைக்கிறது. சல்பா மாத்திரைகள் அத்தனையும் இதே இடத்தில்தான் அடிக்கின்றன. நமக்கு அந்த நொதியே கிடையாது. ஃபோலேட்டைச் செய்துகொள்ளத் தெரியாத நம் குறைதான், அதே மருந்தை நாம் விழுங்க முடிவதற்குக் காரணம். 1981 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்திலும் டாப்சோன் இருக்கிறது.

ஃபோலேட்டை உண்டால்தான் உண்டு. சில டெரிடின்களை உடலே செய்துகொள்கிறது. நியோப்டெரின் அப்படி ஒன்று. காசநோய்க் கிருமியோ வைரஸோ நுழைந்தால், டி-செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரந்து விழுங்கு செல்களை உசுப்புகின்றன. உசுப்பப்பட்ட விழுங்கு செல் டெரிடின் தயாரிப்பை முடுக்கிவிடும். மனிதனிலும் குரங்கினங்களிலும் அந்த வரிசையின் அடுத்த நொதி அங்கே சோம்பிக் கிடப்பதால், பாதித் தயாரான சரக்கு நியோப்டெரினாகத் தேங்கி ரத்தத்திலும் சிறுநீரிலும் கசிகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஹெல்முட் வாக்டரின் குழு 1970களின் இறுதியில் இதைக் கவனித்தது. என்ன நோய் என்று நியோப்டெரின் சொல்லாது. எதிர்ப்பு ஆற்றல் விழித்துக்கொண்டது என்று மட்டும் சொல்லும். எதிர்பொருள் தோன்றும் முன்பே ஏறிவிடுவதால் ஆஸ்திரியா 1994 முதல் தானம் பெறும் ரத்தத்தில் அதை அளக்கச் சொன்னது. எய்ட்ஸ், காசநோய், மாற்று உறுப்பை உடல் தள்ளுகிறதா என்பது என எல்லாவற்றிலும் மருத்துவர்கள் இந்த அளவைப் பார்த்திருக்கிறார்கள்.

மாலிப்டினம் என்ற உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கும் இன்னொரு டெரிடின், யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. சாளையும் நெத்திலியும் வயிறாரத் தின்று பெருவிரல் வீங்கிய கவுட் நோயாளிக்கு எழுதித் தரும் அலோப்பூரினால் அந்த நொதியைத்தான் அடக்குகிறது.

கடைசியாக டெட்ராஹைட்ரோபயோப்டெரின். வாயில் நுழையாத பெயர், சுருக்கி பிஎச்4 என்பார்கள். புரதத்தில் வரும் ஃபினைல்அலனினைச் சிதைக்கவும், மூளையில் டோபமைன், செரடோனின் செய்யவும், ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகவும் இது கூடவே நிற்க வேண்டும். இதை உருவாக்கும் மரபணு இரண்டு பக்கமும் பழுதாகப் பிறந்த குழந்தை, பார்க்க நன்றாக இருந்து சில மாதங்களில் தளர்ந்து, வலிப்பு கண்டு, வளர்ச்சி நின்றுபோகும். இரண்டு பக்கமும் பழுதாவதற்கு நெருங்கிய ரத்த உறவில் திருமணம் ஒரு காரணம். 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால் பங்குக்கும் மேல் உறவுமுறையில் நடந்தவை, நாட்டிலேயே அதிகம். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காகிதத்தில் உலர்த்தி, ஃபினைல்அலனினை அளந்தால் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். பல நாடுகளில் அது 1960களிலிருந்தே கட்டாயம். இங்கே நாடு முழுவதற்கும் அப்படி ஒரு திட்டம் இல்லை. வசதியுள்ள மருத்துவமனைகளில் கேட்டால் செய்கிறார்கள்.

அந்தச் சொட்டிலும் சிக்காத ஒன்று உண்டு. ஜப்பானிய மருத்துவர் மசாயா செகாவா 1970களில் விவரித்த நோய். பிஎச்4 வரிசையின் முதல் நொதியில் ஒரு பக்க மரபணு மட்டும் கெட்டாலே வரக்கூடியது. குழந்தை காலையில் ஓரளவு நன்றாக நடக்கும். மதியம் பாதம் உட்புறம் திரும்பும், மாலையில் காலை ஊன்ற முடியாது, தூங்கி எழுந்தால் மறுபடி நடக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை யாரும் கேட்டுக் குறிக்காவிட்டால் மூளைவாதம் என்று எழுதி, பெற்றோரைப் பழகிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோபாவைச் சிறிய அளவில் கொடுத்தால் இந்தக் குழந்தைகள் சில நாட்களிலோ வாரங்களிலோ நடக்கிறார்கள். பல ஆண்டு சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர்களும் எழுந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மருந்து பழையது, மலிவானது, மாவட்ட மருத்துவமனைகளில் கிடைப்பது. பிரசவத்தில் மூச்சுத் திணறலோ குறைமாதமோ இல்லாமல், தலை ஸ்கேனும் சரியாக இருந்து, நடை மட்டும் மாலையில் மோசமாகும் குழந்தைக்கு, அந்த மருந்தை ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் பெற்றோரே கேட்கலாம்.